சட்டமும் வட்டமும்: மிச்சிகன் பல்கலைக்கழகம் 1988-ல் எடுத்த இரண்டு வழிகள்

இரண்டாம் ஆண்டு பல் மருத்துவ மாணவர்களிடையே மிகக் கடினமானது என்று பெயர் வாங்கிய பாடம் அது. அவர்களுடைய பயத்தைப் போக்க, தொடக்க நாளிலேயே வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, என்னென்ன சிக்கல் வரும் என்று நினைக்கிறீர்களோ மனம்விட்டுப் பேசுங்கள் என்று விட்டிருந்தார்கள். ஒரு மாணவர் பேசினார். சிறுபான்மை மாணவர்கள் இந்தப் பாடத்தில் திணறுகிறார்களாம், அவர்களை நியாயமாக நடத்துவதில்லையாம் என்று தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். அவரிடம் அதைச் சொன்னவர் அவருடைய அறைத்தோழர். அங்கேயே முன்பு பல் மருத்துவம் படித்த கறுப்பின மாணவர்.

பாடம் நடத்திய பேராசிரியையும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தவர்தான். இந்தப் பேச்சு நியாயமற்றது, தன் பணி நிரந்தரத்துக்கே இடைஞ்சல் என்று அவர் புகார் கொடுத்தார். மாணவரை அழைத்துப் பல்கலைக்கழகத்தின் புதிய விதியை விளக்கினார்கள். சரிபார்க்காமல் பேசியதற்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுத அவர் ஒப்புக்கொண்டார். கோப்பு மூடப்பட்டது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1988-ல் அமலுக்கு வந்த ஒரு விதியின் கீழ் இது நடந்தது. அடுத்த ஆண்டு வந்த நீதிமன்றத் தீர்ப்பு இந்தச் சம்பவத்தை விரிவாகச் சொல்கிறது. பேராசிரியையின் கவலை நிஜமானது. மாணவரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஆனால் அந்த அறைத்தோழருக்கு வகுப்பில் உண்மையில் என்ன நடந்தது என்று யாரும் விசாரித்ததாக அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. இனப்பாகுபாட்டை ஒழிக்க வந்த விதி, பாகுபாடு நடக்கிறதோ என்று கேட்ட வாயையே அடைத்தது. இந்த நிகழ்வை நான் எழுத எடுத்ததற்குக் காரணமே இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. இதே வளாகத்தில் இதே 1988-ல், இதே பிரச்சினைக்காக வேறொரு முயற்சியும் தொடங்கியது. அது மாணவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேச வைத்தது. ஒரு நோய்க்கு ஒரே வீட்டில் இரண்டு மருந்து கொடுத்துப் பார்த்த மாதிரி. எது என்ன செய்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

1987-ல் என்ன நடந்தது

ஆன் ஆர்பர் நகரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. அப்போது பெரும்பான்மை மாணவர்கள் வெள்ளையினத்தவர். 1970-லேயே கறுப்பின மாணவர்கள் பெரிய வகுப்புப் புறக்கணிப்பு நடத்தி, மாணவர் சேர்க்கையில் கறுப்பினத்தவர் 10 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். நிர்வாகமும் அதை இலக்காக ஏற்றது. அந்தப் பத்து சதவீதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

1987 ஜனவரி 27 அன்று யாரோ ஒரு துண்டறிக்கையைப் பரப்பினார்கள். கறுப்பின மக்களை வேட்டையாடும் காலம் திறந்துவிட்டது என்று அறிவித்த அதில், இங்கே எழுதக் கூசும் வசைச் சொற்கள் இருந்தன. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 4 அன்று, வளாக வானொலியில் நிகழ்ச்சி நடத்திய மாணவர் ஒருவர் இனவெறி நகைச்சுவைகளை ஒலிபரப்ப விட்டார். இவற்றை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தபோது ஒரு விடுதி ஜன்னலில் கூ கிளக்ஸ் கிளான் அங்கியைத் தொங்கவிட்டார்கள். கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்ட கூட்டத்தின் அங்கி அது. பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் படிக்க வந்த பிள்ளை தன் விடுதியின் ஜன்னலில் அதைப் பார்ப்பது என்ன என்பதை நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

மார்ச் 5 அன்று மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்று ஆன் ஆர்பருக்கே வந்து பொது விசாரணை நடத்தியது. சுமார் 600 பேர் கூடினார்கள், 48 பேர் பேசினார்கள். பேசியவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகம் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்றே குற்றம் சாட்டினார்கள். கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் வந்து மாணவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் பேச்சு நடத்தினார். அப்போதைய தலைவர் ஹரால்ட் ஷாப்பிரோ ஆறு அம்சத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார். இந்த நெருக்கடியிலிருந்துதான் இரண்டு வழிகளும் பிறந்தன.

முதல் வழி: விதி

1988 ஏப்ரல் 14 அன்று பல்கலைக்கழக ஆட்சிக்குழு ஒரு விதியை நிறைவேற்றியது. இனம், மதம், பாலினம், பாலின ஈர்ப்பு போன்ற காரணங்களால் ஒருவரைக் களங்கப்படுத்தும் அல்லது பலியாக்கும் பேச்சோ நடத்தையோ, அது அவர் படிப்புக்கோ வளாக வாழ்வுக்கோ இடையூறு என்றால், தண்டனைக்குரியது. எச்சரிக்கை முதல் கல்லூரியை விட்டு நீக்குவது வரை தண்டனை போகலாம்.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. அந்த ஜன்னலைப் பார்த்தவர்கள் உடனே ஏதாவது செய்யுங்கள் என்றுதான் கேட்பார்கள். கேட்க வேண்டும். சிக்கல் 'களங்கப்படுத்தும்' என்ற சொல்லில் இருந்தது. எது களங்கம் என்று யார் சொல்வது? மாணவர்களுக்கு விளக்க நிர்வாகம் ஒரு கையேடு போட்டது. இந்தத் துறையில் பெண்கள் ஆண்கள் அளவுக்குத் திறமையானவர்கள் இல்லை என்று வகுப்பில் ஒரு மாணவர் சொன்னால் அது குற்றம் என்று அதில் ஓர் எடுத்துக்காட்டு. மூளை உயிரியலும் உளவியலும் சேர்ந்த துறையில் ஆராய்ச்சி செய்த மாணவர் ஒருவர் இதைப் பார்த்துப் பயந்தார். ஆண், பெண் மனத்திறன் வேறுபாடுகளுக்கு உயிரியல் காரணம் உண்டா என்பது அவர் துறையில் விவாதிக்கப்படும் கேள்வி. அதை வகுப்பில் எடுத்தாலே புகார் வரலாம் என்று அவர் பெயரை வெளியிடாமல் வழக்குப் போட்டார்.

1989-ல் நீதிபதி ஏவர்ன் கோன் அந்த விதி அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். பேச்சைப் பொறுத்தவரை விதி அளவுக்கு மீறி அகலமாகவும், எது குற்றம் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாத அளவு தெளிவில்லாமலும் இருக்கிறது என்பது அவர் கணிப்பு. விதி நடைமுறையில் எப்படிப் பயன்பட்டது என்று காட்ட அவர் எடுத்துக்கொண்ட சம்பவங்களில் ஒன்றுதான் மேலே சொன்ன பல் மருத்துவ வகுப்பு. நேரடி மிரட்டல், தாக்குதல், துன்புறுத்தல் இவற்றைத் தண்டிக்கப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை இருக்கிறது என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பேச்சுரிமை என்ற பெயரில் அந்தத் துண்டறிக்கையையும் சகித்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் இந்தத் தீர்ப்பைத் திரித்துப் படிக்கிறார்கள்.

இரண்டாவது வழி: வட்டம்

குழு உறவுகளுக்கான ஒரு திட்டத்தை அதே 1988-ல் தொடங்கினார்கள். சமூகவியலிலிருந்து மார்க் செஸ்லர், டேவிட் ஷோயம், உளவியலிலிருந்து பாட்ரீசியா கூரின், அப்புறம் ஹிமேனா சூனிகா, பிரென் நாக்டா போன்றவர்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதை வளர்த்தார்கள். பாடத்துறையும் மாணவர் நலத் துறையும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. கேட்க நிர்வாகச் செய்தி மாதிரி இருந்தாலும், திட்டத்தின் உயிர் பாதி இதில்தான் இருக்கிறது. மாணவர் நலத் துறை மட்டும் நடத்தியிருந்தால் ஒருநாள் விழிப்புணர்வுக் கூட்டமாக முடிந்திருக்கும். பாடத்துறை மட்டும் நடத்தியிருந்தால் குறிப்பெடுத்துத் தேர்வெழுதும் இன்னொரு வகுப்பாக ஆகியிருக்கும்.

வட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அது மதிப்பெண் உள்ள முழுப்பருவப் பாடம். ஒரு வட்டத்தில் பன்னிரண்டிலிருந்து பதினாறு பேர். கறுப்பினத்தவர், வெள்ளையினத்தவர் என்றால் இரு தரப்பிலும் கூடியவரை சம எண்ணிக்கை. ஆண், பெண் வட்டமும் அப்படியே. நடத்துவது பேராசிரியர் இல்லை. இரண்டு மாணவ நெறியாளர்கள், தரப்புக்கு ஒருவர். அவர்கள் முந்தைய பருவத்தில் அதற்கென்றே ஒரு பாடம் படித்துப் பயிற்சி பெற்றவர்கள். வட்டம் நடக்கும் பருவத்திலும் மேற்பார்வை ஆசிரியர்களோடு அடிக்கடி உட்கார்ந்து, போன வாரம் எங்கே சறுக்கியது என்று அலசுவார்கள்.

சம எண்ணிக்கை ஏன்? கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே சொல்லியிருந்தார்: இரண்டு குழுக்களைச் சும்மா ஒரே இடத்தில் விட்டால் வெறுப்பு தானாகக் குறையாது. அந்த இடத்தில் இருவருக்கும் சம நிலை வேண்டும், பொது நோக்கம் வேண்டும், போட்டி இல்லாமல் சேர்ந்து செய்யும் வேலை வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு கறுப்பின மாணவி இருந்து, இனம் பற்றிப் பேச்சு வந்தால் நாற்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பும். அப்போது அவள் ஒரு மாணவியாக இருக்க முடியாது, ஓர் இனத்தின் பேச்சாளராக ஆகிவிடுவாள். ஏழு பேர் இருந்தால் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வெளியே வரும். "அவர்கள்" என்று ஒரே மாதிரி யாரும் இல்லை என்பதை எதிரே இருப்பவர்கள் யாரும் சொல்லித் தராமலே கண்ணால் பார்ப்பார்கள்.

பருவம் நான்கு கட்டமாகப் போகும். முதல் கட்டத்தில் விவாதத்துக்கும் உரையாடலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பழகுகிறார்கள். நமக்கு இது சுலபமாகப் புரியும், ஏனென்றால் நாம் பட்டிமன்றத்தில் வளர்ந்தவர்கள். இரண்டு அணி, ஒரு நடுவர், எதிர் அணியின் பேச்சில் ஓட்டை எங்கே என்று தேடும் காது, கைத்தட்டல், கடைசியில் தீர்ப்பு. வட்டத்தில் நடுவரும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. அடுத்தவர் சொல்வதில் ஓட்டையைத் தேடாமல், அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு எளிது. பேச்சில் ஜெயிப்பதற்கே பாராட்டு வாங்கிப் பழகிய நல்ல மாணவர்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டம் என்று நினைக்கிறேன். வட்டத்தின் நடத்தை விதிகளை வெளியிலிருந்து யாரும் தருவதில்லை, உட்கார்ந்திருப்பவர்களே பேசி முடிவு செய்கிறார்கள். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்பது அவற்றில் அநேகமாக எப்போதும் இருக்கும்.

இரண்டாவது கட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கதையை எழுதி வந்து படிக்கிறார்கள். எந்த வயதில் தன் இனம் தனக்குத் தெரிந்தது, வீட்டில் அதைப் பற்றி என்ன பேசினார்கள், பள்ளியில் என்ன நடந்தது. இந்தக் கட்டத்தில் பெரும்பான்மையினருக்கு ஒரு தடுமாற்றம் வருவதுண்டு. தனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று தோன்றும். தன் நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியமே வராமல் பதினெட்டு வருடம் ஓடியிருக்கிறது என்பதே தன் கதை என்று பிடிபடச் சில வாரங்கள் ஆகலாம். இரண்டு தரப்பும் தனித்தனியாகக் கூடிப் பேசவும் சில அமர்வுகள் உண்டு. எதிரே இருப்பவர்களைக் காயப்படுத்திவிடுவோமோ என்று அடக்கியதையும், காயப்பட்டதைக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று மறைத்ததையும் அங்கே சொல்லலாம்.

மூன்றாவது கட்டத்தில்தான் சூடான விஷயங்கள் வரும். இட ஒதுக்கீட்டுக்கு நிகரான சேர்க்கைக் கொள்கை, காவல்துறை, இனம் கடந்த காதல், சாப்பாட்டுக் கூடத்தில் ஏன் தனித்தனி மேஜை என்பது போன்றவை. கவனியுங்கள், பெரும்பாலான கூட்டங்கள் தொடங்கும் இடத்துக்கு இவர்கள் பாதிப் பருவம் கழித்துத்தான் வருகிறார்கள். அதுவரை ஒருவர் முகம் ஒருவருக்குப் பழகியிருக்கும், யார் அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதுவரை தெரிந்திருக்கும். கோபம் வந்தாலும் எழுந்து போய்விட மாட்டார்கள். நான்காவது கட்டத்தில் இரு தரப்பும் கலந்த சிறு குழுக்களாகச் சேர்ந்து வளாகத்தில் ஏதாவது ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும்.

பலன் இருந்ததா?

மிச்சிகன் உட்பட ஒன்பது கல்வி நிலையங்கள் சேர்ந்து இதை ஆராய்ந்தன. மேரிலாந்து, வாஷிங்டன், டெக்சாஸ் ஆஸ்டின், சிராக்யூஸ், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகியவையும் அவற்றில் உண்டு. வட்டத்தில் சேர விண்ணப்பித்தவர்களையே குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை வட்டத்தில் சேர்த்தார்கள், மறு பகுதியைக் காத்திருப்பில் வைத்தார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வருடம் கழித்தும் அளந்தார்கள். வட்டத்தில் இருந்தவர்களிடம் மற்றத் தரப்பின் மீதான பரிவு கூடியிருந்தது. ஏற்றத்தாழ்வுக்குத் தனிமனிதர்களின் சோம்பலைவிடச் சமூக அமைப்பைக் காரணமாகப் பார்ப்பதும் கூடியிருந்தது. ஒரு வருடம் கழித்தும் அது கரைந்துபோகவில்லை. 2013-ல் இந்த முடிவுகள் நூலாகவே வந்தன.

சரி, இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. குலுக்கல் நடந்தது வர விரும்பியவர்களுக்கு நடுவில் மட்டுமே. அந்த அங்கியை ஜன்னலில் தொங்கவிட்ட ஆள் இந்தப் பாடத்துக்கு விண்ணப்பிப்பாரா? மாட்டார். வட்டம் வெறுப்பில் ஊறியவரை மாற்றும் என்பதற்கு இந்த ஆய்வு சான்று இல்லை. நல்ல மனம் இருந்தும் பேசத் தெரியாமல், பேசப் பயந்து கிடக்கும் பெரிய நடுப்பகுதிக்கு அது வழி செய்கிறது. பல் மருத்துவ வகுப்பின் மாணவரும் பேராசிரியையும் எனக்கு அந்த நடுப்பகுதியில்தான் தெரிகிறார்கள்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். சமூகத்தில் குழுக்களுக்கு இடையே அதிகாரம் சமமாக இல்லை என்ற இடத்திலிருந்துதான் இந்த வட்டம் தொடங்குகிறது. அதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஏற்காத மாணவருக்கு விடை முன்பே எழுதப்பட்ட மாதிரி தோன்றக்கூடும். நல்ல நெறியாளர் அந்தச் சந்தேகத்தையே வட்டத்தின் நடுவில் எடுத்து வைப்பார். பயிற்சி குறைந்தவர் அதை மறுப்பாக எண்ணிக் கடந்துபோவார். எல்லாம் அந்த இருபது வயது நெறியாளர்களின் பயிற்சியில்தான் வந்து நிற்கிறது. அதற்குத்தான் காசும் காலமும் வேண்டும்.

இதை அப்படியே தூக்கிவந்து நம் கல்லூரிகளில் வைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வட்டத்தில் சேர, மாணவர் தான் எந்தத் தரப்பு என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும். நிறம் கண்ணுக்குத் தெரிவது. சாதி அப்படி இல்லை. சொல்லாமல் நாலு வருடத்தை ஓட்டிவிட்டால் போதும் என்று படிக்கும் பிள்ளையிடம் அந்தப் படிவத்தை நீட்டுவதே ஒரு காயம். இங்கே வட்டத்தின் வாசல் வேறு மாதிரி இருக்க வேண்டும்.

பத்து சதவீதம்

பேச்சு ஒருபுறம் நடக்க, பேச வேண்டியவர்களின் எண்ணிக்கை என்ன ஆனது? அடுத்த தலைவர் ஜேம்ஸ் டூடர்ஸ்டாட் காலத்தில் சிறுபான்மைச் சேர்க்கை நன்றாக உயர்ந்தது. பிறகு சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை எதிர்த்து வழக்குகள் வந்தன. பல்கலைக்கழகத்துக்காகப் பாட்ரீசியா கூரின் நிபுணர் அறிக்கை கொடுத்தார். பன்முகத்தன்மை படிப்புக்கே நல்லது என்று வாதிட்ட அந்த அறிக்கையில் இந்த உரையாடல் திட்டமும் சான்றாக வந்தது. 2003-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனத்தையும் ஒரு காரணியாகப் பார்த்த இதே பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் முறையை ஏற்றது, இளநிலைச் சேர்க்கையில் சிறுபான்மையினருக்கு 20 புள்ளி கொடுத்த முறையைத் தள்ளியது. 2006-ல் மிச்சிகன் மாநில வாக்காளர்கள் 58 சதவீத ஆதரவோடு, அரசுப் பல்கலைக்கழகங்கள் இனத்தைக் கணக்கில் எடுப்பதையே தடை செய்தார்கள்.

அந்த ஆண்டு இளநிலை மாணவர்களில் கறுப்பினத்தவர் 7.03 சதவீதம். 2021-ல் 4.04 சதவீதம். இதே காலத்தில் மாநிலத்தில் கல்லூரி வயதுக் கறுப்பின இளைஞர்களின் பங்கு 16-லிருந்து 19 சதவீதமாக உயர்ந்திருந்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் பல்கலைக்கழகமே கொடுத்த கணக்கு இது.

இடையில் 2013 நவம்பரில், மிச்சிகனில் கறுப்பராக இருப்பது எப்படி இருக்கிறது என்று கறுப்பின மாணவர் சங்கம் ட்விட்டரில் கேட்டது. ஆயிரக்கணக்கில் பதில்கள் கொட்டின. வகுப்பில் தான் மட்டும் ஒற்றையாய் இருப்பது, குழு வேலைக்கு யாரும் சேர்த்துக்கொள்ளாதது, தன் இனம் பற்றிய பேச்சு வந்ததும் எல்லாத் தலைகளும் தன் பக்கம் திரும்புவது. வட்டத்தின் உள்ளே இருபத்தைந்து ஆண்டுகள் கேட்ட கதைகளேதான், இப்போது வட்டம் இல்லாமல் வெளியே. 2014 ஜனவரியில் அந்தச் சங்கம் ஏழு கோரிக்கைகளை வைத்தது. அவற்றில் ஒன்று, கறுப்பின மாணவர்கள் 10 சதவீதம் வேண்டும் என்பது. 1970-ல் கேட்ட அதே எண்.

2016-ல் நிர்வாகம் பன்முகத்தன்மைக்கான பெரிய ஐந்தாண்டுத் திட்டத்தை அறிவித்தது. 2025 மார்ச்சில் அதற்கான மைய அலுவலகத்தை மூடியது.

ஒரு வட்டத்துக்கு ஏழு பேர் அந்தப் பக்கம் வேண்டும். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட இளநிலை மாணவர்களில் 4 சதவீதம் என்றால் ஆயிரத்து முந்நூறு பேர் அளவில். ஒவ்வொரு வெள்ளையின மாணவரும் ஒரு முறையாவது இப்படி உட்கார வேண்டும் என்று யாராவது நல்லெண்ணத்தோடு ஆணை போட்டால், இந்த ஆயிரத்து முந்நூறு பேர் பருவத்துக்குப் பருவம் அதே நாற்காலியில் உட்கார்ந்து, தன் இனம் தனக்குத் தெரிந்த அந்த முதல் நாளை மறுபடி மறுபடி எழுதிப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.